வாடி என்று எழுதியவள்

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். பதினோராம் கேள்விக்கு நேரே ‘வாடி’ என்று குண்டு குண்டாக அழகாய் எழுதியதும் நான்தான். பிறகு பலரிடம் பல சாட்டுகள் சொல்லிப் பார்த்தேன்: மேலதிகாரியின் அவசரம், கணினியில் இருந்த கட்டங்கள், அன்றைய வெயில். எதைச் சொன்னாலும் கையெழுத்து என்னுடையதாகத்தான் இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில், நகரத்து வாய்க்கால் ஒன்று கடலில் விழும் இடத்தில், தாழ்ந்த குடியிருப்பு ஒன்று இருக்கிறது. மாரி தொடங்கிவிட்டால் மேலேயிருந்து வாய்க்கால் தண்ணீரும் கீழேயிருந்து கடல் தண்ணீரும் வீட்டுக்குள் சந்தித்துக்கொள்ளும். அங்கே கட்டில் கால்களுக்குக் கீழே கல் வைத்திருப்பார்கள். அலுமாரியின் கீழ்த்தட்டு எப்போதும் வெறுமையாக இருக்கும். நான் அதே ஊரில், பாலையூற்றில் இருப்பவள். மழைக்காலச் செய்திகளில் அந்தக் கரையைப் பார்த்து உச்சுக்கொட்டியதைத் தவிர எனக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இருந்ததில்லை.

பிறகு அங்கே வெள்ளத் தடுப்பு மதில் கட்டினார்கள். கரை நெடுக நெஞ்சளவு உயரத்துக்குக் கொங்கிறீட், வாய்க்கால் வாயில் இரும்புக் கதவு, பக்கத்தில் ஒரு பம்பு அறை. சனம் அதைச் சுருக்கமாகக் ‘கட்டு’ என்றது. கட்டு முடிந்த பிறகு வந்த முதல் மாரியில் தண்ணீர் வீடுகளுக்குள் வரவில்லை. ஆட்கள் கதிரைகளை வாசலில் போட்டு இருந்துகொண்டு மழையைப் புதினம் பார்த்தார்களாம். அதற்கு அடுத்த வருடம் நாங்கள் போனோம்.

நாங்கள் என்றால் திட்டமிடல் கந்தோர்க்காரர். நான் அங்கே படவரைஞர். வெள்ளம் வந்துகொண்டிருந்தவரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிலம், வெள்ளம் நின்றவுடன் எல்லோருக்கும் கண்ணில் பட்டுவிட்டது. கட்டின் மேல் நடைபாதை, விளக்குக் கம்பங்கள், தேநீர்க் கடைகள், பின்னால் மாடிக் குடியிருப்புகள். இவையெல்லாவற்றையும் என் கையால் வரைந்திருக்கிறேன். படத்தில் பலூன் பிடித்த குழந்தைகள்கூட நடந்து போனார்கள். அந்தக் கரையில் பலூன் விற்றதை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் படம் வடிவாக இருந்தது, எனக்கும் அதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வீடு வீடாகப் போய் விபரம் எடுக்க ஆள் போதவில்லை என்று படவரைஞர்களையும் அனுப்பினார்கள். தமிழில் நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் கந்தோரில் குறைவு. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மற்றவர்கள் சனம் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தங்களுக்குத் தோன்றியதை எழுதுவார்கள். நான் அப்படியில்லை. ஆட்கள் வாயில் என்ன சொல் வருகிறதோ அதையே எழுதுவேன். அதுதான் நேர்மை என்று நினைத்திருந்தேன். சக ஊழியர்களுக்கு இதைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம்கூடச் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த வீடு கட்டுக்கு மிக அருகில் இருந்தது. கல்வீடு. ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை, தனியாகக் குசினி, பின்னால் மலசலகூடம், முன்னால் குறோட்டன் வளர்த்த இரண்டு வாளிகள். வீட்டுக்காரிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். விடியப்புறம் இடியப்பம் அவித்து நகரத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். கணவர் மீன்பிடிகாரர். அவர் பக்கத்துத் தாழ்வாரத்தில் படகின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். ஒரே மகள், நகரத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கிறாள். நான் போன நேரம் அவள் வீட்டில் இல்லை.

“வாங்கோ மிஸ், இந்தக் கதிரையில இருங்கோ. மற்றதுக்குக் கால் சரியில்ல” என்றார் அக்கா. “இது என்ன கடதாசி?”

“நீர்முகப்புக் குடியிருப்புத் திட்டம் அக்கா. அதுக்குத்தான் விபரம் எடுக்க வந்தனான்.”

“தண்ணிக்கு முகமும் இருக்கோ? நாங்கள் இவ்வளவு காலமும் அதின்ர வாயைத்தானே பாத்தனாங்கள்.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். தேத்தண்ணீர் வந்தது. முதல் பத்துக் கேள்விகளும் கதையோடு கதையாகப் போயின. பதினோராவது, குடியிருப்பின் வகை. எதிரே ஓட்டு வீடு நிற்கிறது, நான் அதற்குள்தான் இருக்கிறேன். ஆனாலும் என் கொள்கை இருக்கிறதே, கேட்டேன்.

“அக்கா, நீங்கள் இருக்கிறது என்ன மாதிரியான வீடு?”

“வீடோ?” அவருடைய குரல் திடீரென்று உயர்ந்தது. “இது வாடியெல்லோ மிஸ். எங்கட வீடு சம்பூரில. இது சும்மா வாடி.”

“அப்ப வேற இடத்தில வீடு இருக்கெண்டு எழுதட்டோ?”

“ஓம், ஓம். சம்பூரில வீடிருக்கு. வடிவா எழுதுங்கோ.”

வடிவாக எழுதினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்துகிறார் என்று நினைத்தேன். எஞ்சின் கழற்றிக் கிடந்தது என்பதும், அங்கே சத்தமே இருக்கவில்லை என்பதும் வெகுநாட்களுக்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

எங்கள் பக்கத்தில் வாடி என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பருவத்துக்கு மீன்பிடிக்க வருகிறவர்கள் கரையில் கிடுகாலும் தகரத்தாலும் போடும் கொட்டில். வலை வைப்பார்கள், சமைப்பார்கள், படுப்பார்கள், பருவம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிங்களத்திலும் அதற்குக் கிட்டத்தட்ட இதே சொல்தான். எங்கள் கந்தோரில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவே எத்தனையோ சொற்கள் வழியில் தொலைந்து போயிருக்கின்றன. இந்த ஒரு சொல் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

கணினியில் இரண்டே கட்டங்கள் இருந்தன. நிரந்தர வீடு, தற்காலிகக் கொட்டில். வாடி என்று எழுதியிருந்தால் எந்தக் கட்டம் என்று கேட்கத் தேவையில்லை. வரைபடத்தில் நிரந்தர வீடுகளுக்குச் செங்கல் நிறம், கொட்டில்களுக்குச் சாம்பல் நிறம். அந்த ஓட்டு வீட்டுக்குச் சாம்பல் நிறம் பூசியதும் நான்தான். பூசும்போது அந்த ஓட்டுக்கூரை நினைவுக்கு வந்தது. அவரே சொன்னாரே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் பட்டியலைப் பிரதேச செயலகத்துச் சுவரில் ஒட்டினார்கள். நிரந்தர வீடு இருந்து, வேறெங்கும் வீடு இல்லாதவர்களுக்கு மாடியில் ஒரு வீடு. வாடிக்காரருக்கு நிலமட்டத்தில் வலையும் எஞ்சினும் வைக்கப் பூட்டுப் போட்ட ஓர் அறை. அடுத்த மாரிக்கு முன்பு எல்லோரும் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அக்கா கந்தோருக்கு வந்தார். இடியப்பம் கொடுத்த வெற்றுக் கூடை கையில் இருந்தது. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் மிஸ் என்று கூப்பிடவில்லை.

“தங்கச்சி, எங்களுக்கு வலை வைக்கிற அறை தந்திருக்கிறியள். அதுக்குள்ள மூண்டு பேர் எப்பிடிப் படுக்கிறது?”

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. பிழை என் பக்கம் என்று உள்ளே தெரியும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். “அக்கா, நீங்கள்தானே வாடி எண்டு சொன்னனீங்கள். நானாச் சொன்னனான்?”

“சொன்னனான். அவர் பக்கத்தில இருந்தவர். நான் வேற என்னத்தைச் சொல்லுறது?”

எனக்கு விளங்கவில்லை. அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இரண்டாயிரத்து ஆறில் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சம்பூரிலிருந்து சண்டைக்குள் வெளிக்கிட்டு, அங்கே இங்கே என்று அலைந்து, கடைசியில் இந்தக் கரையில் ஒதுங்கினார்கள். அப்போது போட்டது உண்மையாகவே வாடிதான், தகரமும் கிடுகும். சம்பூரில் விட்டுவந்த வீடு, கணவர் கலியாணத்துக்கு முதல் தன் கையால் கல் அரிந்து கட்டியது. படையினர் ஊரைத் திரும்ப விட்ட நேரம் போய்ப் பார்த்தால் அத்திவாரம் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து கடல் அடித்துத் தொழிலுக்குப் போக ஏலாத நாட்களில் அவர் பஸ் ஏறிப் போய் அந்தக் காணியில் கல் வைக்கிறார். இங்கே தகரம் கல்லாக மாறியது, கிடுகு ஓடாக மாறியது. எல்லாம் மழைக்கும் பிள்ளைக்கும் பயந்து செய்த வேலை. ஆனால் அவர் காதுபட இதை வீடு என்று யாரும் சொல்வதில்லை. மகளும் பள்ளிக்கூடம் விட்டால் ‘வாடிக்குப் போறன்’ என்றுதான் சொல்வாளாம்.

“எனக்குத் திரும்பிப் போற எண்ணமில்ல தங்கச்சி” என்றார் அக்கா. “பிள்ளையின்ர படிப்பு இங்க. என்ர கடையெல்லாம் இங்க. ஆனா அந்த மனுசன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. அதுதான் பலமாச் சொன்னனான், அவருக்குக் கேக்கட்டும் எண்டு. நான் உங்களோட கதைச்சனான். நீங்கள் எழுதிப்போட்டீங்கள்.”

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். புருஷனுக்குக் கேட்க ஒரு கதை, ஆட்களுக்குக் கேட்க ஒரு கதை என்று எங்கள் பெண்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் அம்மாவே அப்படித்தான் கதைப்பார். வெளியூர் ஆள் ஒருவர் வந்து ஓட்டுக் கூரையைக் கண்ணால் பார்த்து ‘வீடு’ என்று எழுதியிருந்தால் அக்கா தப்பியிருப்பார். தமிழ் தெரிந்த நான் போனதுதான் அவருக்கு வினையாகிவிட்டது.

மேலதிகாரியிடம் போனேன். அவர் சிங்களவர், கெட்ட மனிதரில்லை. படிவத்தை எடுத்து அந்தச் சொல்லைத் தமிழிலேயே எழுத்துக்கூட்டி வாசித்தார். “வாடி என்றால் எங்களுக்கும் வாடிதானே” என்றார். வீடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே, வந்து பாருங்கள் என்று மன்றாடினேன். கட்டடத்தைத் திருத்தலாம், ஆனால் வேறு இடத்தில் வீடு இருப்பதாக அவர்களே சொல்லியிருக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். மேன்முறையீட்டு விசாரணை வரும், சம்பூர்க் காணியின் படத்தோடு வரச் சொல் என்றார்.

படம் எடுக்க நானே போனேன். கூட அக்காவின் கணவர் வந்தார். கிண்ணியாப் பாலம் கடந்து போகும் பஸ்ஸில் யன்னல் பக்கம் என்னை இருக்கவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தார். கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்த மனிதர் அன்று ஓயாமல் கதைத்தார். எல்லாம் அந்தக் காணியைப் பற்றித்தான்: கிணற்றுத் தண்ணீர் உப்பில்லை, மண்ணில் சோளன் நன்றாக வரும், காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் குசினியை எந்தப் பக்கம் வைத்தார் என்பது.

காணியில் பற்றை வெட்டித் துப்புரவாக இருந்தது. கிணறு இறைத்திருந்தது. அத்திவாரத்தின் மேல் சுவர்கள் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தன, சில பக்கம் முழங்காலளவுதான். கூரையில்லை, நிலையில்லை, யன்னல் இல்லை. ஒரு கால் எட்டி வைத்தால் சுவரைத் தாண்டிவிடலாம். ஆனால் அவர் சுற்றிக்கொண்டு போய், கதவுக்கென்று விட்டிருந்த இடைவெளியால்தான் உள்ளே போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

“இது ஹோல். இது மகளின்ர அறை, வெளிச்சம் வேணுமெண்டவ. இது குசினி. பாத்து வாங்கோ மிஸ், இதில படி வரும்.”

அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் படமெடுத்தேன். அந்தப் படம் எதற்கென்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியவள் நான். இங்கே வீடு இல்லை என்று நிரூபிக்கத்தான் எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், திரும்பிப் போகும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். “படம் வடிவா வந்திட்டோ?” என்று கேட்டார். கைத்தொலைபேசியைப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே கொஞ்சம் கல். “வந்திட்டுது அண்ணன்” என்றேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

விசாரணை ஒரு மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவர் வரவில்லையென்று என்னை இருத்திவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்கள். அக்கா கலியாண வீட்டுக்குப் போகும் சேலையில் வந்திருந்தார். கணவர் வெள்ளைச் சேட்டின் கைப் பொத்தான்களையும் பூட்டியிருந்தார்.

அதிகாரி முதலில் விதியைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இந்தக் கரையில் வீடு கிடைக்கிறவர்களுக்குச் சொந்த ஊரில் கட்டுவதற்கான வீட்டுதவி வெட்டப்படும், ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். இருவரும் தலையாட்டினார்கள். அக்காவின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் நிலத்தைத்தான் பார்த்தார். முன்னேற்பாடாக, சம்பூரில் வீடு இல்லையென்று நீங்கள் சொல்லுங்கோ என்று நான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கேள்வி தன்னிடம் வரும் என்றுதான் அவர் அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அதிகாரி குடும்பத் தலைவரைப் பார்த்துக் கேட்டார்.

“சம்பூரில் உங்களுக்கு வீடு இருக்கிறதா?”

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்தார். மேசையில் நான் எடுத்த படம் கிடந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு எப்போதோ விளங்கியிருக்க வேண்டும்.

“இல்ல ஐயா” என்றார். “அங்க ஒண்டுமில்ல.”

நிதானமாகத்தான் சொன்னார். அதைச் சிங்களத்தில் சொல்ல நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா எழும்பிவிட்டார்.

“இருக்கு!” என்று கத்தினார். மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “இருக்கு ஐயா, ஆர் இல்லையெண்டது? இவர் கட்டினவர். சுவர் எழும்பிட்டுது. நான் சாட்சி. அங்க எங்களுக்கு வீடிருக்கு, எழுதுங்கோ!”

எத்தனை மாதமாக இந்தக் கரையில் ஒரு வீட்டுக்காக என் மேசைக்கு நடந்தவர். மகளுக்காகவும் கடைகளுக்காகவும் ஊரை மனதால் விட்டவர். அந்த மனிதரின் வாயிலிருந்து ‘இல்லை’ வந்ததை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டு, விரலை நீட்டி நீட்டி, அறை அறையாகச் சொல்லத் தொடங்கினார். ஹோல், குசினி, மகளின் அறை.

அதிகாரி பேனையைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார், “இவர் என்ன சொல்கிறார்?”

என் வேலை, சொன்னதைச் சொன்னபடி சொல்வது. அதைத்தான் நான் பெருமையாக நினைத்திருந்தேன். சிங்களத்தில் சொன்னேன்: “கணவர் சொன்னதையேதான் சேர் இவரும் சொல்கிறார். அங்கே இருந்ததெல்லாம் போய்விட்டதாம். அதுதான் அழுகிறார்.”

அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டினார். இல்லை என்று எழுதினார்.

அப்போதுதான் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். துறைமுகத்தில் இத்தனை வருடம் சிங்களவரோடு மீன் விற்றவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியுமென்று அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. என் பொய்யை நிறுத்த அவருக்கு நேரம் இருந்தது. இரண்டு சொல் போதும். அவர் பேனையை வாங்கினார், காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார், மனைவியின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வாசல்வரைக்கும் சுவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு போனார்.

இறுதிப் பட்டியலில் அவர்களுடைய பெயர் இருந்தது. மூன்றாம் மாடி, பின்பக்கம். யன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, பஸ் நிலையம்தான் தெரியும். ஆனால் வீடு. சாம்பல் நிறத்தைச் செங்கல் நிறமாக நானே மாற்றினேன்.

அந்தக் கிழமை அக்கா கந்தோருக்கு வந்தார். வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும் என் மேசையில் வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

“அந்த ஐயா நல்ல மனுசன் தங்கச்சி. நான் உள்ளதைச் சொன்னனான், அவர் விளங்கிக்கொண்டு, அந்த விதியையும் பாக்காம இங்கயும் தந்திட்டார். என்ர மனுசனுக்கு முன்னால இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் செத்திருப்பன்.” பிறகு கொஞ்சம் யோசித்தார். “இவர் இப்பவும் கல் வைக்கப் போறவர். வீட்டுதவியைக் கேட்டா, வரும், பொறு எண்டு சொல்லுறார். அது வரும்தானே தங்கச்சி?”

மண்டபத்தில் நான் சொன்ன பொய்யைப் பற்றி அவரிடம் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பொதி சூடாக இருந்தது. அதைப் பிரிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

“ஓம் அக்கா, வரும்” என்றேன்.